பாவி, பாவம்: எச்.ஐ.வி. செய்திகளில் பெண்ணுக்கு இரண்டே மாடல் (சந்தாதாரர் ரிவ்யூ)

மிக்ஸிக்கு ரிவ்யூ எழுதுகிறோம், பிரியாணிக்கு எழுதுகிறோம், மாதாமாதம் காசு கொடுத்து வாங்குகிற செய்திக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் காலைப் பேப்பர் ஒன்று, மாலைப் பேப்பர் ஒன்று, கேபிளில் வரிசையாகச் செய்திச் சேனல்கள், அப்புறம் யாரும் கேட்காமலே போனில் வந்து விழுகிற யூடியூப் செய்திகள். எல்லாவற்றையும் இங்கே மதிப்பிடப் போவதில்லை. இந்தக் கடையில் விற்கிற ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்கிறேன்: எச்.ஐ.வி. பற்றிய செய்தி, அதில் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்பது. ஐந்துக்கு ஒன்றரை. எந்தப் பேப்பர், எந்தச் சேனல் என்று பெயர் போடவில்லை, ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் நல்லவர்கள் என்று ஆகிவிடும்.

இந்தச் சரக்கு இரண்டே மாடலில்தான் வருகிறது. ஒன்று பாவி, இன்னொன்று பாவம். பாவி என்றால் ஊருக்கெல்லாம் நோயைப் பரப்பியவள், உல்லாசம், அதிர்ச்சி, இளைஞர்கள் கலக்கம், சிவப்பு எழுத்து, பின்னணியில் ஒரு திகில் இசை. பாவம் என்றால் கணவனிடமிருந்து தொற்றி, இருட்டு அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவள். இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிற சுமார் 25 லட்சம் பேரில் ஏறத்தாழ 44 சதவீதம் பெண்கள் என்கிறது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2023ஆம் ஆண்டுக் கணக்கு. அதாவது பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் டீச்சர் இருப்பார், பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்ப்பவர் இருப்பார், மகள் பிளஸ் டூவில் எவ்வளவு மார்க் எடுப்பாள் என்று கவலைப்படுகிறவர் இருப்பார். தினம் ஒரு மாத்திரை போட்டுவிட்டு மிச்ச நேரமெல்லாம் நம்மைப் போலவே கேஸ் சிலிண்டருக்கும் ஸ்கூல் பீஸுக்கும் அலைகிற அந்தப் பெண்களைச் செய்தியில் தேடிப் பாருங்கள். கிடைக்க மாட்டார்கள், அந்த மாடல் இந்தக் கடையில் இல்லை.

பாவி மாடலை முதலில் பார்ப்போம், அதுதான் அதிகம் விற்கிறது. 2024 அக்டோபரில் உத்தராகண்டிலிருந்து ஒரு செய்தி கிளம்பி நாடு முழுக்க ஓடியது, தமிழுக்கும் வந்து சேர்ந்தது. போதைப் பழக்கத்துக்கு ஆளான 17 வயதுச் சிறுமி, போதைக்குப் பணம் வேண்டி உறவு வைத்துக்கொண்டாள், அவளால் இருபது ஆண்களுக்கு எச்.ஐ.வி. என்பது சாரம். ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர்கள் ஊர், தெருப்பக்கம் எல்லாம் போட்டார்கள். பரிசோதனைக்கு வந்த இளைஞர்கள் கவுன்சலிங்கில் சொன்னதாக வந்த தகவல் அது. மூடிய அறைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டிய பேச்சு மறுநாள் பிரேக்கிங் நியூஸ் ஆகிவிட்டது.

இதில் எனக்குப் பொறுக்காதது என்னவென்றால், 17 வயது என்று தலைப்பிலேயே போட்டுவிட்டு அதன் அர்த்தம் தெரியாதது போல அடுத்த வரிக்குப் போவதுதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே கிடையாது. அப்படியென்றால் அந்த இருபது பேரும் யார்? செய்திப்படி பாதிக்கப்பட்டவர்கள். சட்டப்படி ஒவ்வொருவரும் குற்றம் சாட்டப்பட வேண்டியவர்கள். அந்தப் பெண்ணுக்கு முதலில் தொற்றைக் கொடுத்தது யார், போதைப்பொருளை விற்றது யார், ஒரு சிறுமியிடம் போக இத்தனை ஆண்களுக்கு வழி காட்டியது யார் என்று நான் பார்த்த தலைப்புகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஒரு குழந்தையை இத்தனை பேர் சுரண்டியிருக்கிறார்கள் என்பதுதான் செய்தி, அதை அப்படியே தலைகீழாக்கி விற்றுவிட்டார்கள். போக்சோ 23ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டுகிற எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. சின்ன ஊர், இன்ன பகுதி, இன்ன வயது, இன்ன பழக்கம் என்று போட்ட பிறகு பெயர் எதற்கு? அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அறிவியலாகப் பார்த்தாலும் அந்தச் செய்தி இடிக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டின்படி, பாதுகாப்பில்லாத ஒரு முறை உறவில் பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000க்கு சுமார் 4. ஆணிடமிருந்து பெண்ணுக்கு சுமார் 8, அதாவது இரண்டு மடங்கு. தொற்றுள்ளவரோடு ஊசியைப் பகிர்ந்துகொண்டால் 63. இவை சராசரிகள்தான், தொற்று புதிதாக இருந்தாலோ வேறு பால்வினை நோய் இருந்தாலோ கூடும், சரி. ஆனால் போதைப் பழக்கம் உள்ள ஒரு வட்டத்தில் இருபது பேருக்குத் தொற்று என்றால் நிருபர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஊசியைப் பகிர்ந்தார்களா என்பதுதான். ஊசிக்குக் கவர்ச்சி இல்லை போலிருக்கிறது, என் போனுக்கு வந்த தலைப்புகளில் அது இல்லவே இல்லை. கணக்குப்படி ஆபத்து அதிகம் பெண்ணுக்கு, தலைப்புப்படி ஆபத்தே பெண்தான்.

ஏன் எப்போதும் பெண்ணிலிருந்தே கதை தொடங்குகிறது என்பதற்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கிறது, அதை எந்தச் சேனலும் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொன்னதில்லை. கர்ப்பம் என்று தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கிறார்கள் இல்லையா, அதில் சர்க்கரை, ரத்த அளவு, வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனை) இவற்றோடு எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள். நல்ல ஏற்பாடு, குழந்தையைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. ஆனால் ஆணுக்கு அப்படி ஒரு கட்டாயத் தருணம் வாழ்க்கையில் வருவதில்லை. அதனால் கணவன் பல வருடமாக வைத்திருந்த தொற்று முதலில் மனைவியின் சீட்டில்தான் எழுத்தாகிறது. மாமியார் வீட்டில் உடனே, “எங்க பையனுக்கு ஒண்ணும் இல்ல, இவதான் கொண்டாந்துட்டா” என்று ஆரம்பித்துவிடுவார்கள், பையன் இன்னும் டெஸ்ட்டே எடுத்திருக்க மாட்டான். முதலில் தெரியவந்தவள் முதலில் கொண்டுவந்தவள் ஆகிவிடுகிறாள். மாமியார் செய்கிற அதே தப்பைத்தான் செய்தி ஆசிரியரும் செய்கிறார், அவருக்காவது படித்துப் பார்க்க வசதி இருக்கிறது.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இல் நம் சென்னையில்தான் உறுதியாயின. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். எடுத்த மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, அப்புறம் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள், ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது, பிறகு அமெரிக்காவில் உறுதி செய்தார்கள். சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். பெரிய சாதனை, இரண்டு பெண் மருத்துவர்களின் சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாதிரிகள் எடுக்கப்பட்டது எங்கே? கைதாகி விஜிலென்ஸ் ஹோமில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம். அவர்களிடம் போனவர்களின், அதாவது காசு கொடுத்த ஆண்களின் ரத்தத்தை யார் எடுத்தார்கள்? ஆராய்ச்சிக்கு ஒரு இடத்தில் தொடங்கித்தான் ஆக வேண்டும், அது ஆராய்ச்சியின் குறை இல்லை. தேடின இடத்தில்தானே கிடைக்கும் என்பதை வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டியது பத்திரிகைகள். சொல்லாமல் விட்டதில் இது ‘அந்தப் பெண்களின் நோய்’ என்று ஊரில் பதிந்துபோனது. அந்தப் பெண்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று பின்தொடர்ந்து எழுதிய ஒரு கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை.

இடையில் ஒரே ஒருமுறை பார்வை ஆண் பக்கம் திரும்பியது, அது செய்தியில் இல்லை, விளம்பரத்தில். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இருந்த யாருக்கும் “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” மறந்திருக்காது. சுவரில், பஸ் பின்னால், டிவியில் எங்கும் அதே கேள்வி. டீக்கடையில் கிண்டலடித்தார்கள், காலேஜில் பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனாலும் கேள்வி ஆணைப் பார்த்துக் கேட்கப்பட்டது, அதுவே அன்றைக்குப் பெரிய விஷயம். எனக்கு ஒரு குறை மட்டும் அதிலும் உண்டு. திருமதி புள்ளிராஜா எங்கே? அவருக்கு வருமா, வந்தால் யாரால் வந்தது, அவர் எங்கே போய் டெஸ்ட் எடுப்பார் என்று அடுத்த போஸ்டர் ஒட்டியிருக்கலாம். விளம்பரம் போனதும் ஆணும் போய்விட்டார், செய்தியில் அவர் திரும்ப வரவேயில்லை.

பாவம் மாடல் பார்க்க நல்லதாகத் தெரியும், அதனால் அதில் உள்ள கோளாறு சட்டென்று பிடிபடாது. 2018 டிசம்பர் சாத்தூர் விஷயம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றிவிட்டார்கள். சந்தேகமே இல்லாமல் கொடுமை, ரத்த வங்கியின் அலட்சியம். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவருக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பதும் பிறகு உறுதியானது. அந்த நாட்களில் டிவியில் திரும்பத் திரும்பக் கேட்ட சொல் ‘அப்பாவிப் பெண்’. அவர் அப்பாவிதான், யார் மறுத்தார்? ஆனால் ஒருவரை மட்டும் அப்பாவி என்று அத்தனை முறை அழுத்திச் சொன்னால், அதே வார்டில் மாத்திரை வாங்க வரிசையில் நிற்கிற மற்றப் பெண்களெல்லாம் என்ன தப்பு செய்தவர்களா? ரத்தம் மூலம் வந்தால் அனுதாபம், உறவின் மூலம் வந்தால் விசாரணை என்று நாமே ஒரு தராசு பிடித்துக்கொண்டோம்.

அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞரை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. 19 வயது. 2016இல் முகாமில் கொடுத்த ரத்தத்தில் தொற்று இருந்தது பதிவாகியும் அவருக்கு யாரும் சொல்லவில்லை, தெரியாமலே மறுபடியும் ரத்தம் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டு வேலைக்காக எடுத்த டெஸ்ட்டில் தெரிந்ததும் ரத்த வங்கிக்குத் தகவல் போனது அவர் பக்கத்திலிருந்துதான். அப்படிச் சொன்னதால்தான் விஷயமே வெளியில் வந்தது. கேமராக்கள் அவரைச் சுற்றியும் வளைத்தன. தற்கொலைக்கு முயன்று, டிசம்பர் 30 அன்று இறந்துபோனார்.

அந்தரங்கம் என்ற விஷயத்தில் இந்தச் சேவைக்கு நான் கொடுக்கிற மதிப்பெண் பூஜ்யம். எங்கள் பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அது வீட்டாருக்கும் என்னைப் போல ஓரிருவருக்கும் மட்டும் தெரியும். டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தின நிகழ்ச்சிக்காக ஒரு சேனலில் பேட்டி கேட்டார்கள், முகத்தைக் காட்ட மாட்டோம் என்று உறுதி கொடுத்தார்கள். அவருக்குப் பேச விஷயம் இருந்தது: விதவை உதவித்தொகைக்கு அலைந்தது, மாத்திரை வாங்கப் போகிற நாளெல்லாம் கடையைப் பூட்ட வேண்டியிருப்பது, டாக்டர்கள் எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்பது. ரொம்ப நேரம் பேசினார். வந்தவர்கள் மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கச் சொன்னார்கள். “கொஞ்சம் எமோஷனலா சொல்லுங்கக்கா” என்றார்கள். ஒளிபரப்பானது ஒரு சில வரி, கணவர் இறந்த கதை மட்டும், அதற்கு மேல் வயலின்.

முகம் மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் குரலை மாற்றவில்லை. பின்னால் தையல் மெஷின், அதன் மேல் கொக்கி வைக்காமல் கிடந்த பச்சை ஜாக்கெட், சுவரில் எங்கள் ஊர் ஜவுளிக் கடையின் காலண்டர், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அந்த வாரமே ஒரு அம்மாள் வந்து, வெட்டாமல் இருந்த துணியை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு போனார், காரணம் சொல்லவில்லை. அக்கா என்னிடம், “மூஞ்சிய மறைச்சாங்க தம்பி, சரி. மெஷின மறைச்சாங்களா?” என்றார். சேனலுக்குப் போன் செய்தால் அந்த நிருபர் வேறு சேனலுக்குப் போய்விட்டார் என்றார்கள். வீடியோ யூடியூபில் பல மாதம் கிடந்தது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மீது வெறுப்பைத் தூண்டும்படி பேசினாலோ வெளியிட்டாலோ மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பத்திரிகைக் கவுன்சிலும் எச்.ஐ.வி. செய்திக்கென்று தனி நெறிமுறை வைத்திருக்கிறது. “ஊருக்கே பரப்பிய பெண்” என்று தலைப்பு வைக்கிறவர்களிடம் இதைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்கத்தான் ஆசை.

டிசம்பர் 1 தயாரிப்பு பற்றித் தனியாக ஒரு வரி. வருடம் தவறாமல் அதே படம்: நர்சிங் மாணவிகள் மைதானத்தில் சிவப்பு ரிப்பன் வடிவத்தில் நிற்பார்கள், மாடியிலிருந்து போட்டோ எடுப்பார்கள், கலெக்டர் கையெழுத்து இயக்கத்தைத் தொடங்கி வைப்பார். வெயிலில் நிற்கவும் பெண்கள்தான். மக்கள் தொடர்புத் துறை அனுப்புகிற செய்திக் குறிப்பைக் கமா மாற்றாமல் போட்டிருப்பார்கள்.

அறிவியல் பக்கம் இருபது வருடம் பின்தங்கியிருக்கிறார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது, தொடங்கிய இடங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உறவின் மூலம் மற்றவருக்குப் பரவாது. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், சிகிச்சை இருந்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் நம் பேப்பரில் எச்.ஐ.வி. உள்ள தாய்க்குத் தொற்றில்லாத குழந்தை பிறந்தால் அது ‘அதிசயம்’. அதிசயமெல்லாம் ஒன்றும் இல்லை, அந்தப் பெண் ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை போட்டிருக்கிறாள், நர்சம்மா போன் போட்டு ஞாபகப்படுத்தியிருக்கிறார். அந்த உழைப்பைத்தான் செய்தியாக எழுத வேண்டும்.

ஒன்றரையில் ஒன்று எதற்கு? சில மாவட்ட நிருபர்களுக்கு. சத்தமே இல்லாமல், மருந்து இருப்பு தீர்ந்துபோன நாளில் ஏ.ஆர்.டி. மைய வாசலில் நின்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுதினால் அடுத்த வாரம் மருந்து வந்துவிடும். அந்தச் செய்தி எட்டாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில்தான் வரும், ஆனாலும் வரும். மிச்ச அரை, பெண்களைத் தங்கள் பெயரிலேயே, தங்கள் வார்த்தையிலேயே பேச விட்ட அந்தச் சில நேர்காணல்களுக்கு. நாமக்கல்லின் கௌசல்யா பெரியசாமி முகத்தை மறைக்காமல் தன் நிலையைப் பொதுவில் சொன்ன ஆரம்பகாலப் பெண்களில் ஒருவர். 1998இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு. அவரிடம் மருந்து விலை, சொத்துரிமை, ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க மறுப்பது என்று கேட்க எவ்வளவோ இருக்கிறது. பல பேட்டிகள் கல்யாணத்தில் தொடங்கி கணவரின் சாவில் முடிந்துவிடும். அதையும் தாண்டிப் போன ஒன்றிரண்டைப் படித்திருக்கிறேன், அரை அதற்குத்தான். திருநங்கைகள் பற்றி வருகிறவற்றுக்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை, அவர்களுக்குப் பாவம் மாடல்கூடக் கிடையாது.

வாங்கலாமா என்று கேட்டால், எச்.ஐ.வி. பற்றித் தெரிந்துகொள்ள இந்தச் சேவையை நம்பி வாங்காதீர்கள். 1097க்குப் போன் போடுங்கள், கட்டணம் இல்லை. அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்று போர்டு இருக்கும், டெஸ்ட் இலவசம், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்கிறார்கள். மாலைப் பேப்பரை நிறுத்திவிட்டேன். காலைப் பேப்பர் தொடர்கிறது, அதில் எச்.ஐ.வி. செய்தி வருகிற அன்றைக்கெல்லாம் ஆசிரியருக்கு ஒரு மெயில் போடுகிறேன்: இந்தச் செய்தியில் ஆண் எங்கே சார்? இதுவரை பதில் இல்லை. சந்தா முடிகிறது, புதுப்பியுங்கள் என்ற மெசேஜ் மட்டும் சரியாக வந்துவிடுகிறது.